மஞ்சள் கரை போட்ட பன்றிக்கறி

பதறும்போது என் வாய் மூளையைக் கேட்காமலே வேலைகளை ஒத்துக்கொண்டு வந்துவிடும். ஆபீஸில் இப்படி ஒத்துக்கொண்ட வேலைகளை ராத்திரி பகலாக உட்கார்ந்து எப்படியோ முடித்திருக்கிறேன். ஆனால் ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் குடியிருந்தபோது ஒரு நவம்பரில் நான் ஒத்துக்கொண்டது சாப்ட்வேர் சம்பந்தப்பட்டது இல்லை. ஆறு கொரியப் பெண்களுக்குப் பன்றிக்கறி வேகவைத்துத் தருவது. முட்டையையே வெடிக்காமல் வேகவைக்கத் தெரியாதவன் நான்.

எங்களுக்கு மேல்மாடியில் ஒரு கொரிய அம்மா இருந்தார். வீட்டில் நானும் என் மனைவியும் அவரை 'மேல்வீட்டம்மா' என்றுதான் சொல்வோம். இருபது வயதில் நர்ஸ் வேலைக்கு ஜெர்மனிக்கு வந்தவர். அங்கேயே ஒரு ஜெர்மன்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு, அதே ஊர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவரோடு அந்தக் காலத்தில் வந்து இறங்கிய நர்சுகளில் ஐந்து பேர் பிராங்பேர்ட், பான் என்று வேறு வேறு ஊர்களில் சிதறிக் கிடந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை, நவம்பர் கடைசியில், எல்லோரும் கையில் ஒரு பையோடும் காலி டப்பாக்களோடும் எர்லாங்கனில் வந்து இறங்குவார்கள். கிம்ஜாங் போட.

கிம்ஜாங் என்றால் குளிர்காலம் முழுவதற்கும் வேண்டிய கிம்ச்சியை, அதாவது காரமான முட்டைக்கோசு ஊறுகாயை, ஒரே மூச்சில் போட்டு வைப்பது. சனிக்கிழமை கட்டிடத்தின் அடித்தளத்தில் இருக்கும் துணி துவைக்கும் அறையில் முட்டைக்கோசை நறுக்கி உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை அலசி வடித்து, இலைக்கு இலை மிளகாய் விழுதைத் தடவி டப்பாக்களில் அடைப்பார்கள். படிக்கட்டு முழுக்கப் பூண்டு மணக்கும். மூன்றாம் மாடிக் கிழவர் ஒவ்வொரு வருடமும் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு நடக்கப் போய்விடுவார்.

வேலை முடிந்ததும் அந்த வீட்டுக்காரர்கள், உழைத்தவர்களுக்குப் பன்றிக்கறி வேகவைத்துப் போட வேண்டும். மெல்லிதாக நறுக்கிய சூடான கறி, அப்போதுதான் கலந்த புதுக் கிம்ச்சி, இரண்டையும் ஊறிய முட்டைக்கோசு இலையில் மடித்து ஒரே வாயில் போடுவது. இதற்குப் போஸ்ஸாம் என்று பெயர்.

மேல்வீட்டில் கறி வேகவைப்பது அம்மாவின் வேலை இல்லை, அவர் கணவருடையது. ரயில்வேயில் வேலை பார்த்த பெரிய உருவம். பெண்கள் எல்லாம் கீழே அடித்தளத்தில் இருக்கும்போது அவர் மாடியில் அடுப்படியில் நிற்பார். எனக்கு ஒரு பீர் கொடுப்பார். நான் பக்கத்தில் நின்று அவர் சொல்லும் ரயில் கதைகளுக்குத் தலையாட்டுவேன். நான்கைந்து வருடங்கள் இப்படித் தலையாட்டியிருக்கிறேன். ஒரு தடவைகூடச் சட்டிக்குள் எட்டிப் பார்த்தது கிடையாது. என் கவனமெல்லாம் பாட்டிலில் இருந்தது.

அந்த வருடம் வசந்த காலத்தில் அவர் போய்விட்டார். மார்வலி என்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள், திரும்பி வரவில்லை.

நவம்பர் நடுவில் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு ஒரு போன். பிராங்பேர்ட்டிலிருந்து. அந்த ஐந்து பேரில் உயரமானவர், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவர். டாக்டர்களையே நிற்க வைத்துப் பேசிப் பழகிய குரல். நாங்கள் பேசியது ஜெர்மனில். என் ஞாபகத்தில் அது தமிழாகத்தான் இருக்கிறது.

"கீழ்வீட்டு இந்தியன்தானே பேசறது?"

"ஆமாங்க."

"இந்த வருஷம் கறி வேண்டாம்னு சொல்லிட்டா. ரொட்டியும் சீஸும் போதுமாம்."

"அதுவும் வயித்துக்கு நல்லதுதானே…"

"என்ன நல்லது? கறி இல்லேன்னா ஆளுக்கொரு டப்பாவைத் தூக்கிக்கிட்டு ரெண்டு மணி ரயிலுக்குப் போயிடுவோம். அடுத்த வருஷம் அவளும் கூப்பிட மாட்டா, நாங்களும் வர மாட்டோம். இதோட முடிஞ்சுதுன்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டா. எனக்கு அவளை நாற்பது வருஷமாத் தெரியும். இந்த ஒரு நாளையும் விட்டுட்டா அந்த வீட்டுல தனியா உட்கார்ந்து சுவரைத்தான் பார்க்கணும்."

நான் போன் வயரை விரலில் சுற்றினேன்.

"நீ வருஷா வருஷம் அவர் பக்கத்துலயே நின்னியே. எப்படிச் செய்வார்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியுமே," என்றது என் வாய்.

"அப்போ உன் வீட்டுல செய். அவகிட்ட மூச்சு விடாதே. சொன்னா வேண்டாம்னுடுவா."

போனை வைத்த பிறகுதான் மூளை வந்து சேர்ந்தது. நல்லவேளை, 'அவர் என்னென்ன போடுவார்னு ஒரு தடவை சரிபார்த்துக்கலாமா' என்று மறுநாள் நானே பெருந்தன்மையாகப் போன் செய்து, முழுச் செய்முறையையும் கறந்துவிட்டேன். சோயா விழுது, இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், மிளகு, வாடை போக ஒரு கரண்டி இன்ஸ்டன்ட் காப்பித்தூள். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் கொதிக்க வேண்டும். அவ்வளவுதான்.

மனைவியிடம் சொன்னேன்.

"பன்னியா?" என்றாள்.

எங்கள் வீட்டில் ஆடு, கோழி, மீன் எல்லாம் உண்டு. பன்றி மட்டும் அவளுக்கு ஆகாது.

"மேல்வீட்டம்மாவுக்காகத்தான்."

"அவங்களுக்காகன்னா சரி. ஆனா என் குக்கர், என் சட்டி, என் கரண்டி, என் கத்தி, ஒண்ணையும் தொடக்கூடாது."

"தண்ணி?"

"தண்ணி எடுத்துக்கோங்க."

சனிக்கிழமை ஒரு பெரிய சட்டி, கத்தி, பலகை எல்லாம் புதிதாக வாங்கினேன். கறிக்கடையில் தோலோடு வயிற்றுப் பகுதியில் இரண்டு பெரிய துண்டு. வெள்ளை, ரோஸ், வெள்ளை, ரோஸ் என்று வரி வரியாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ரோஸ்ட் பண்ணவா என்று கடைக்காரர் கேட்டார். சும்மா தண்ணீரில் வேகவைக்க என்றேன். காகிதத்தைச் சுற்றும்போது கறியைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கீழே அடித்தளத்தில் ஆறு பேரும் வேலையில் இருந்தார்கள். கொரியப் பேச்சும் தண்ணீர்ச் சத்தமும் குழாய் வழியாக எங்கள் அடுப்படி வரை வந்தது. என் மனைவி மேஜைக்கு அந்தப் பக்கம், பன்றிக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்து, காலிங் கார்டு போட்டுத் திருநெல்வேலியில் இருக்கும் அவள் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் காலை அந்த அக்காவுக்கு என்று ஒதுக்கப்பட்டது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எனக்குச் சமைக்கத் தெரியாது. ஆனால் கறி கழுவுவது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. கல்யாணம் ஆன புதிதில் ஒப்படைக்கப்பட்டது. கறியைப் பாத்திரத்தில் போடு, உப்புப் போடு, மஞ்சள்தூள் போடு, பிசை, ஊறவிடு, அலசு. பதினைந்து வருடமாகச் செய்கிற வேலை. கைக்கு மனப்பாடம். கழுவும்போது நான் அநேகமாகக் கிரிக்கெட்டைப் பற்றித்தான் யோசிப்பேன்.

அன்றும் அப்படித்தான். கறியைப் புதுச் சட்டியில் போட்டேன், உப்பைப் போட்டேன், இரண்டு கரண்டி மஞ்சள்தூளைத் தாராளமாகத் தூவி எல்லாப் பக்கமும் அழுத்தித் தேய்த்தேன். கொழுப்பின் மடிப்புக்குள் எல்லாம் விரலை விட்டுத் தேய்த்தேன். வேலையில் அவ்வளவு சுத்தம்.

கதவு மணி அடித்தது.

கையை உடம்புக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, இடது கையால் திறந்தேன். எதற்காக மறைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இந்த மாதிரி விஷயங்களில் கை முந்திக்கொள்ளும். பிராங்பேர்ட்டம்மா ஏப்ரனோடு நின்றிருந்தார். சோயா விழுது இருந்த டப்பாவை நீட்டினார்.

"எல்லாம் சரியாப் போகுதா?"

"ரொம்பச் சரியா."

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்க. கொழுப்பு வெள்ளையா இருக்கணும். பனி மாதிரி. தட்டுல வைக்கும்போது அதான் அழகு. அவர் செஞ்சா அப்படித்தான் இருக்கும், அவ அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவா."

"பனி மாதிரி," என்றேன்.

கதவைச் சாத்திவிட்டு வந்து சட்டியைப் பார்த்தேன். மாம்பழம் மாதிரி இருந்தது.

அலசினேன். இன்னும் அலசினேன். வெந்நீரில் அலசினேன். மஞ்சள் என்பது லேசில் போகிற சாமான் இல்லை என்பது அதைச் சட்டையில் சிந்தியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். சட்டையே அப்படி என்றால் கொழுப்பைக் கேட்கவா வேண்டும்? வேறு கறி வாங்கி வரலாம் என்று சைக்கிள் சாவியைக்கூட எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, ஜெர்மனி. கடை எல்லாம் மூடியிருக்கும். பெட்ரோல் பங்க்கில் பிளாஸ்டிக் பையில் அடைத்த சாசேஜ் கிடைக்கும். ஸ்டேஷனில் சாக்லெட் கிடைக்கும். வேகாத பன்றி வயிறு எங்கேயும் கிடைக்காது. சாவியை ஆணியில் மாட்டினேன்.

பாத்திரம் கழுவும் சோப்பின் பக்கம் என் கை போனது.

"சோப்புப் போட்டீங்கன்னா நான் கீழ போய்ச் சொல்லிடுவேன்," என்றாள் மனைவி, போனிலிருந்து வாயை எடுக்காமலே. பிறகு போனுக்குள்: "இல்லக்கா, உன்னைச் சொல்லல. இவரு கறியைக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்காரு."

அப்போதுதான் எனக்குள் இருந்த இன்ஜினியர் விழித்துக்கொண்டான். கறை என்றால் காரப் பொருள். காரப் பொருள் என்றால் சோடா. கேக்குக்குப் போடும் சோடா உப்பு அலமாரியில் ஒரு பாக்கெட் இருந்தது. சாப்பிடுகிற பொருள்தான், கெடுதல் இல்லை. அறிவியல் பூர்வமான தீர்வு. பாக்கெட்டைக் கிழித்து முழுவதையும் கறிமேல் கொட்டி, தண்ணீர் தெளித்து, வெற்றிகரமாகத் தேய்த்தேன்.

கறி சிவந்தது.

லேசாக இல்லை. குங்குமம் கரைத்த மாதிரி. சட்டித் தண்ணீரும் சிவப்பு, என் கையும் சிவப்பு. நான் என்ன சத்தம் போட்டேனோ, மனைவி போனோடு எழுந்து வந்தாள். சட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"யாருக்குங்க ஆரத்தி?"

சிவந்த கையைத் தூக்கிக் காட்டினேன். அவள் போனில் விளக்கம் கொடுத்தாள். அந்தப் பக்கம் திருநெல்வேலியில் ஒரு சிரிப்பு வெடித்தது எனக்கே கேட்டது.

"அக்கா கேக்குறா, மாப்பிள்ளை யாருன்னு."

"இப்ப ஜோக் அடிக்கிற நேரமா?"

"கல்யாணத்துக்குக் கல்யாணம் மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பைக் கரைச்சுச் செவப்பாக்குறதைப் பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க? நம்ம கல்யாணத்துல உங்களுக்கே சுத்துனாங்களே?"

"அது சுண்ணாம்பு. இது சோடா."

"ரெண்டும் அந்த வேலையத்தான் பாக்கும். காலேஜுல என்ன படிச்சீங்க? நகருங்க. தொட மாட்டேன், சொல்றேன். எலுமிச்சம்பழத்தை எடுங்க. புழிங்க. இன்னும் புழிங்க."

இரண்டு பழத்தைப் பிழிந்தேன். நுரைத்தது. சிவப்பு மெல்ல மெல்லப் பின்வாங்கி, கறி மறுபடி மஞ்சள் ஆனது. வாழ்க்கையில் மஞ்சளைப் பார்த்து நான் அவ்வளவு ஆறுதல் அடைந்ததே இல்லை. ஒரு நிமிடம் கழித்துத்தான், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறோம் என்பது உறைத்தது.

"பேசாம வேக வைங்க," என்றாள். "மணி ஆகுது. ஒண்ணும் இல்லாததுக்கு மஞ்சக் கறி மேல."

நன்றாக அலசி, தண்ணீர் ஊற்றி, சொன்னதையெல்லாம் போட்டு அடுப்பில் ஏற்றினேன். காப்பித்தூள் ஒரு கரண்டி என்பதை மட்டும் நான்கு ஆக்கினேன். பழுப்பு ஏறினால் மஞ்சள் மறைந்துவிடும் என்பது என் கணக்கு. இன்ஜினியர் இன்னும் தூங்கவில்லை.

அடுத்த ஒன்றேகால் மணி நேரம் வீடு அமைதியாக இருந்தது. காலிங் கார்டு தீர்ந்து அக்காவின் பேச்சு நின்றுபோனது. சட்டி கொதித்தது. காப்பியும் சோயாவும் பன்றியும் சேர்ந்த ஒரு வாசம், கெட்டது என்று சொல்ல முடியாத ஒரு வாசம், வீட்டை நிறைத்தது. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்தேன். ஏதோ நான் பார்க்காத சமயத்தில் கறி வெள்ளையாகிவிடும் என்பதுபோல. மனைவி பேப்பர் படித்தாள். நான் எண்ணிக்கொண்டிருந்தது ஒரே விஷயத்தைத்தான். கறி இல்லாமல் போனால்கூட அது மேல்வீட்டம்மா எடுத்த முடிவு. கேலிக்கூத்தாகக் கறி போனால்? அந்த மனிதர் நின்ற இடத்தில் நின்று அவர் வேலையை நாசம் பண்ணினவன் என்று ஆகிவிடும். மேல்வீட்டம்மா தட்டைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டால், பிராங்பேர்ட்டம்மா சொன்ன இரண்டு மணி ரயில் ஒன்றரைக்கே புறப்பட்டுவிடும்.

கறியை எடுத்து ஆறவிட்டு, முதலில் ஒரு துண்டை நறுக்கினேன்.

"மெல்லிசா," என்றாள் மனைவி. "அது செங்கல்."

இன்னும் மெல்லிதாக நறுக்கினேன். அப்போதுதான் பார்த்தேன். உள்ளே கொழுப்பு வெள்ளை வெளேர் என்றுதான் இருந்தது. மஞ்சள் மேல்தோலோடு நின்றுவிட்டது. ஒவ்வொரு துண்டுக்கும் சுற்றிலும் விரல் நகம் அகலத்துக்கு ஒரு மஞ்சள் விளிம்பு.

மனைவி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. கரை வேட்டி மாதிரி. எந்தக் கட்சின்னுதான் தெரியல."

தட்டில் அடுக்கி, மேலே ஒரு துணியைப் போர்த்தி, மாடிக்குக் கொண்டுபோனேன். துணியை எதற்குப் போர்த்தினேன் என்று கேட்காதீர்கள்.

மேஜையில் ரொட்டிக் கூடையும் சீஸும் இருந்தன. நடுவில் புதுக் கிம்ச்சி, முட்டைக்கோசு இலைகள், உப்பில் ஊறிய கூனி இறால் ஒரு கிண்ணம். ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மேல்வீட்டம்மா மட்டும் கையுறையைக் கழற்றிக்கொண்டு நின்றிருந்தார். தட்டை மேஜையில் வைத்துத் துணியை எடுத்தேன்.

யாரும் பேசவில்லை. பிராங்பேர்ட்டம்மா என்னைப் பார்த்த பார்வையில், அவரிடம் வேலை பார்த்த அத்தனை இளம் டாக்டர்களுக்காகவும் நான் பரிதாபப்பட்டேன்.

பானிலிருந்து வந்திருந்த குட்டையான அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு துண்டைக் குனிந்து பார்த்தார்.

"மஞ்சள் காமாலை," என்றார்.

"முத்திப்போச்சு," என்றார் பக்கத்திலிருந்தவர். "ஈரல் எங்க? ஈரலை லேபுக்கு அனுப்பிப் பார்க்கணும்."

"அதை விடு, இவனைப் பாரு," என்று மூன்றாமவர் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். "பன்னியாவது நிம்மதியாக் கிடக்கு. இவனுக்குத்தான் படுக்கை போடணும்."

ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேல்வீட்டம்மா சிரிக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆரம்பித்துவிட்டேன். மஞ்சள் என்பது எங்கள் ஊர் வழக்கம், கறி என்றால் முதலில் மஞ்சள், அது கிருமியைக் கொல்லும், அதனால்தான், பிறகு சோடா, பிறகு எலுமிச்சை…

"கிருமியா?" என்றார் அவர். "அவ்வளவு நேரம் கொதிச்ச பிறகும் உயிரோட இருக்கிற கிருமி எது?"

ஆஸ்பத்திரியில் ஒரு ஆயுளைக் கழித்தவரிடம் போய்க் கிருமியைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

"பதினோரு மணியிலிருந்தே வாசம் வந்துச்சு," என்றார். "கீழ வரைக்கும். நான் ஒண்ணும் சொல்லல."

ஒரு இலையை எடுத்தார். கறித்துண்டு ஒன்றை வைத்தார். கிம்ச்சி கொஞ்சம், இறால் இரண்டு, ஒரு பச்சைப் பூண்டு. மடித்தார். மடித்து முடித்ததும் அவர் கை நடுவிலேயே நின்றுவிட்டது. சிரிப்பு எல்லாம் அடங்கிப்போனது. ஏனென்றால் அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதல் மடிப்பு கறி வேகவைத்தவர் வாய்க்கு. ஒவ்வொரு வருடமும் அந்தப் பெரிய மனிதர் பல் டாக்டரிடம் உட்கார்ந்திருப்பதுபோலக் கண்ணை இறுக்கி மூடி வாயைத் திறந்துகொண்டு நிற்பார்.

மேல்வீட்டம்மா என் பக்கம் திரும்பினார்.

"வாயைத் திறங்க."

திறந்தேன். அது என் வாய்க்குப் பெரியது. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை, பாதியில் நின்ற விளக்கத்தைத் தொடரவும் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. பச்சைப் பூண்டு கடுமையானது.

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ரொட்டிக் கூடையை எடுத்துப் பின்னால் ஜன்னல் திண்டில் வைத்தார். சீஸையும் வைத்தார். தனக்கு ஒன்று மடித்து வாயில் போட்டு நிதானமாக மென்றார். எல்லோரும் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"காப்பி அதிகம்," என்றார். "உப்புக் குறைவு. கறி நல்லா வெந்திருக்கு."

அதற்குப் பிறகு பத்து கைகள் ஒன்றாகத் தட்டுக்குள் போயின. இலையில் மடித்துவிட்டால் மஞ்சளாவது வெள்ளையாவது, எதுவும் தெரிவதில்லை. ரயில் நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பிராங்பேர்ட்டம்மா எனக்கு ஒரு பீர் திறந்து கொடுத்தார், பாராட்டாக எதுவும் சொல்லாமல்.

தட்டு காலியாகிற நேரத்தில் மேல்வீட்டம்மா வாயில் கறியோடு, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "இந்த வருஷம் முட்டைக்கோசு முத்திப்போச்சு. அடுத்த தடவை ஒரு வாரம் முன்னாலயே வச்சுக்கணும்."

பிராங்பேர்ட்டம்மா என்னைப் பார்த்தார். நான் பீரைப் பார்த்தேன். பானிலிருந்து வந்தவர் அந்த வாரம் தன்னால் முடியாது என்று ஜெர்மனில் ஆரம்பித்தார். இன்னொருவர் குறுக்கே பாய்ந்தார். பேச்சு சட்டென்று கொரிய மொழிக்குத் தாவி, ஆறு பேரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கினார்கள். இடையில் மேல்வீட்டம்மா காலித் தட்டை என் பக்கம் தள்ளி, இன்னும் இருக்கிறதா என்று புருவத்தால் கேட்டார்.

தட்டை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். மனைவி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள். மாடியிலிருந்து சத்தம் படிக்கட்டில் உருண்டு வந்துகொண்டிருந்தது.

"என்னங்க, சண்டையா?"

"ஆமா."

"கறியாலயா?"

"இல்ல. அடுத்த வருஷம் எந்த ஞாயித்துக்கிழமைன்னு," என்று சொல்லிவிட்டு, இரண்டாவது துண்டை நறுக்கப் போனேன்.